சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் கூடுகிறோம். எங்களைச் சபை என்று சொல்லலாமா?

வைட்ஃபீல்டு வாசி

எல்லோருக்கும் தோத்திரம். நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் நாசரேத் பக்கம். பெங்களூருக்கு வந்து பதினாறு வருஷம் ஆகிறது. வந்த புதிதில் கண்டோன்மென்ட் பக்கம் நடக்கும் தமிழ் ஆராதனைக்கு வாரம் தவறாமல் போனோம். அப்போது வைட்ஃபீல்டுக்கு மெட்ரோ கிடையாது. காலை ஆறு மணிக்குக் கிளம்பினால்தான் எட்டு மணிக்குப் போய் உட்கார முடியும். பிள்ளைகள் பிறந்த பிறகு மாதம் ஒரு தடவை என்று ஆனது. அப்புறம் பண்டிகைக்கு மட்டும். உறுப்பினராகச் சபைக்குச் சந்தா கட்டுவதும் நின்றது.

2020 மார்ச்சில் ஊரடங்கு. அந்த வருஷம் பெரிய வெள்ளி ஏப்ரல் 10ஆம் தேதி வந்தது. எங்கள் அப்பார்ட்மென்டிலும் பக்கத்திலும் இருந்த நான்கு தமிழ்க் குடும்பங்கள் ஜூமில் கூடி, சிலுவையின் ஏழு வார்த்தைகளை ஆளுக்கொன்றாகத் தியானித்தோம். ஏழாவதை என் மகள் வாசித்தாள், அப்போது அவளுக்கு ஒன்பது வயது. பெரியவர்கள் யாரும் பேசவில்லை, மைக்கை அணைத்துவிட்டு அழுதோம்.

ஊரடங்கு முடிந்தும் அதை விட மனசு வரவில்லை. இப்போது பதினோரு பெரியவர்கள், ஆறு பிள்ளைகள். சனிக்கிழமை ஆறரை மணிக்கு ஏதாவது ஒரு வீட்டில் கூடுவோம். முதலில் சாப்பாடு. பிறகு இரண்டு கீர்த்தனை, ஒரு வேதபாகம். அதை மூன்று பேர் மூன்று தடவை வாசிப்பார்கள். பிரசங்கம் கிடையாது, மனசில் பட்டதை ஆளாளுக்குச் சொல்வோம். அப்புறம் ஜெபம். எங்களில் ஒருவருக்கு வேலை போனபோது நான்கு மாத வீட்டு வாடகையை எல்லோரும் பங்கு போட்டுக் கொடுத்தோம். யாரும் கேட்டு வாங்கவில்லை.

போன மாதம் எங்களில் ஒருவருடைய அம்மா இறந்துபோனார்கள். 78 வயது. ஆஸ்பத்திரியில் மூன்று ராத்திரி நாங்கள் மாறி மாறி இருந்தோம். விடியற்காலை நான்கு மணிக்கு உயிர் பிரிந்தது. அதுவரைக்கும் எங்களால் முடிந்தது. கல்லறைக்கு இடம் கேட்டுப் போனபோதுதான் கை விரித்து நின்றோம். "எந்தச் சபை? ஆயர் கடிதம் எங்கே? சந்தா ரசீது இருக்கிறதா?" ஒன்றும் இல்லை. மூன்று இடத்தில் கேட்டு, மத்தியானம் ஐஸ் பெட்டியோடு ஆம்புலன்ஸ் பிடித்து ஊருக்கே கொண்டுபோனோம். கிட்டத்தட்ட அறுநூறு கிலோமீட்டர். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் உபதேசியார் கோயில் மணி அடித்து, பழைய பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார். அம்மாவின் பெயர், ஞானஸ்நானத் தேதி, திடப்படுத்தல் தேதி எல்லாம் மை மங்கிப்போய் அதில் இருந்தன.

வண்டியில் ராத்திரி முழுக்க எனக்கு இதுதான் ஓடியது. ஆஸ்பத்திரியில் கூட இருந்தது நாங்கள். மண்ணில் இடம் கொடுத்தது இருபது வருஷமாக அம்மா போகாத ஒரு கோயில். இதில் சபை எது? நாங்கள் பதிவு செய்து தனிச் சபை ஆகிவிட வேண்டுமா, பெரிய சபை ஒன்றில் சேர வேண்டுமா, இப்படியே இருக்கலாமா? எங்களுக்குள்ளேயே மூன்று கருத்து. உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

அல்சூர் மூப்பர்

தம்பி, அந்தத் தாயாரின் வீட்டாருக்கு என் ஆறுதலைச் சொல்லுங்கள். மூன்று ராத்திரி மாறி மாறி இருந்தோம் என்று எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். எங்கள் சபையில் எழுநூறு குடும்பம். போன வருஷம் என் மனைவி ஆபரேஷனுக்குப் படுத்திருந்தபோது ஆயர் வந்து ஜெபித்தார், கமிட்டியிலிருந்து இரண்டு பேர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார்கள். ராத்திரி கூட இருந்தது நான் ஒருவன்தான். ஆகவே உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை.

கல்லறைக் கடிதம் ஏன் கேட்கிறார்கள் என்று மட்டும் சொல்கிறேன். நகரத்துப் பழைய கல்லறைத் தோட்டங்களில் புதுக் குழிக்கு இடமே இல்லை. குடும்பக் குழியைத் திறந்துதான் அடக்கம் செய்கிறோம். யாரோ ஒருவர் வரம்பு வைக்கத்தான் வேண்டும். ஆனால் இறந்த வீட்டாரிடம் சந்தா ரசீது கேட்பது எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. அதை எங்கள் கமிட்டியிலும் சொல்லியிருக்கிறேன்.

மற்றபடி, நீங்கள் நடத்துவது அருமையான ஜெபக்கூட்டம். சபை என்று நான் சொல்லமாட்டேன். ஞானஸ்நானம் யார் கொடுப்பது? திருவிருந்து யார் பரிமாறுவது? நாளைக்கு உங்களில் ஒருவர் தவறான உபதேசம் பேசினால் யார் தட்டிக் கேட்பது? 1919இல் தரங்கம்பாடியில் பேராயர் அசரியா ஐயர் முதலானவர்கள் கூடி, தனித்தனியாக இருக்கும் நம் புராட்டஸ்டண்ட் சபைகள் ஒன்றாவோம் என்று பேச ஆரம்பித்தார்கள். அப்படி ஒன்றான தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) பிறந்தது 1947 செப்டம்பர் 27. ஒன்று சேர இருபத்தெட்டு வருஷம் பிடித்தது. பிரிந்து போக ஒரு சனிக்கிழமை போதும் தம்பி.

தரங்கை

ஐயா, கடைசி வரியை மறுக்கமாட்டேன். ஆனால் "ஜெபக்கூட்டம்தான், சபை அல்ல" என்று கோடு போடுவதற்கு முன் நம் பூர்வீகத்தைப் பார்க்க வேண்டும்.

1670இல் பிராங்ஃபுர்ட் நகரத்தில் ஸ்பெனர் என்ற லுத்தரன் போதகர் தம் வீட்டில் சிலரைக் கூட்டினார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் கேட்டுவிட்டுக் கலைவது போதாது, கூடி உட்கார்ந்து வேதத்தைப் பேச வேண்டும் என்பது அவர் எண்ணம். அன்றைக்கும் இதே கேள்வி கேட்டார்கள், இதென்ன சபைக்குள் சபை என்று. அந்த இயக்கம் ஃபிராங்கே மூலம் ஹாலே நகரத்தில் வேர் பிடித்தது. ஹாலேயில் படித்தவர்தான், முதல் புராட்டஸ்டண்ட் மிஷனரிகளில் ஒருவராக இங்கே வந்த சீகன்பால்கு. 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் இறங்கினார். தமிழ்ச் சீர்திருத்த சபைக்குக் கொள்ளுப்பாட்டி ஒரு வீட்டுக்கூட்டம் என்றால் மிகையில்லை.

மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கதை இன்னும் சுவாரஸ்யம். 1742இல் பிரிஸ்டலில் ஆராதனைக் கட்டடத்தின் கடனை அடைக்க வழி தெரியாமல் இருந்தார்கள். சுமார் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பு, அவர் வாரம் ஒரு பென்னி வசூல் செய்ய வேண்டும் என்று முடிவு. காசு வாங்க வீடு வீடாகப் போனவர்கள், இன்னார் வாழ்க்கை சரியில்லை, இன்னார் வீட்டில் பிரச்சினை என்று திரும்பி வந்து சொன்னார்கள். இத்தனை நாள் இதற்குத்தானே ஏங்கினேன் என்று வெஸ்லி அதை அப்படியே பிடித்துக்கொண்டார். கடன் வசூலில் தொடங்கிய ஏற்பாடு மெத்தடிஸ்டுகளின் முதுகெலும்பாக ஆனது. ஆனால் கவனியுங்கள், ஸ்பெனரும் சரி வெஸ்லியும் சரி, தங்கள் தாய்ச் சபையை விட்டுப் போகவில்லை. வெஸ்லி 1791இல் இறக்கும்வரை இங்கிலாந்துத் திருச்சபையின் குருதான்.

விட்டுப் போனவர்களும் உண்டு. வைட்ஃபீல்டு அண்ணனுக்குத் தெரிந்திருக்கும், உங்கள் ஊர்ப் பக்கத்துக் கதை அது. 1857இல் சட்டாம்பிள்ளை மிஷனரிகளோடு முறித்துக்கொண்டு தனிச் சபை கண்டார், சனிக்கிழமையை ஓய்வுநாளாக வைத்து. வெள்ளைக்காரப் போதகர் இல்லாமல் தமிழர்களே நடத்தும் சபை. அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன்.

பங்குமகள்

நான் கத்தோலிக்கர். எங்களுக்கு இதற்கு ஒரு பெயரே இருக்கிறது: அன்பியம். பங்கை, அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த மக்களை, இருபது முப்பது குடும்பங்கள் கொண்ட சிறு சிறு குழுவாகப் பிரித்து வைத்திருப்பார்கள். மாதம் ஒரு தடவையாவது யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். வரும் ஞாயிறு நற்செய்தியை வாசித்து, பிடித்த சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி, கொஞ்ச நேரம் மௌனமாக இருந்து, அப்புறம் நம் தெருவில் யாருக்கு என்ன தேவை என்று பேசுவோம். வைட்ஃபீல்டு சகோதரர் செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

இதன் ஊற்று லத்தீன் அமெரிக்கா. குருக்கள் வருஷத்துக்கு ஒரு தடவை எட்டிப்பார்க்கும் கிராமங்களில் ஏழைகள் தாங்களே கூடி வேதம் வாசித்தார்கள். 1968இல் கொலம்பியாவின் மெதெயினில் கூடிய ஆயர்கள் (எங்களில் ஆயர் என்றால் உங்கள் பேராயர் மாதிரி) அதை ஏற்றுப் பேசினார்கள். 1990இல் இந்தோனேசியாவின் பாண்டுங்கில் ஆசிய ஆயர்கள் பங்கு என்பதே சமூகங்களின் சமூகமாக இருக்க வேண்டும் என்றார்கள். நம் பெங்களூரிலேயே 1967இல் அமலோற்பவதாஸ் அடிகளார் தொடங்கிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையம் இருக்கிறது. தமிழர் அவர். தரையில் அமர்ந்து, குத்துவிளக்கு ஏற்றி, ஆரத்தி எடுத்து வழிபடுவதை இங்கிருந்துதான் நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள்.

உண்மையையும் சொல்லிவிடுகிறேன். பல அன்பியங்கள் செபமாலை, சுண்டல், டீயோடு முடிந்துவிடும். ஆண்கள் வருவதில்லை. பங்குத்தந்தை மாறினால் உற்சாகமும் மாறும். ஆனால் சாவு விழுந்தால் அன்பியம்தான் முதலில் நிற்கும். மாமியார் இறந்தபோது எங்கள் வீட்டில் மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை, ஏழு வீட்டிலிருந்து முறை வைத்துச் சாப்பாடு வந்தது. கல்லறைக்குக் கடிதம் எழுதினது அன்பியத் தலைவி. ஒரே ஏற்பாட்டில் இரண்டும் இருந்தன. நீங்கள் ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்க வேண்டும் என்று ஏன் நினைக்கிறீர்கள்?

ராத்திரி டூட்டி

அக்கா அண்ணன்மாரே, நான் கன்னியாகுமரி மாவட்டம். இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை லீவு என்பது எனக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. பி.ஜி. ஹாஸ்டலில் நாங்கள் ஆறு பேர். ராத்திரி டூட்டி முடிந்து எட்டரைக்கு வந்து, குளித்துவிட்டு, மொட்டைமாடியில் துணி காயப்போடும் இடத்தில் பத்து நிமிஷம் ஜெபம் செய்துவிட்டுத்தான் தூங்கப் போவோம். ராத்திரி எங்கள் கையில் யாராவது இறந்திருந்தால் அந்த நோயாளியின் பெயரைச் சொல்லி ஜெபிப்போம். எந்த மதமானாலும். சில நாள் பெயர் மட்டும்தான் ஜெபம், வேறு வார்த்தை வராது.

இதைச் சபை என்று நாங்கள் நினைத்ததே இல்லை. ஆனால் ஊரிலிருந்து அம்மா "கோயிலுக்குப் போனியா?" என்று கேட்கும்போது "போனேன்" என்றுதான் சொல்கிறேன். பொய் சொன்ன மாதிரி எனக்குத் தோன்றவில்லை. ஒரே ஏக்கம், திருவிருந்து எடுத்து நான்கு மாதம் ஆகிறது.

அல்சூர் மூப்பர்

ராத்திரி டூட்டி மகளே, நீ எந்தப் பக்கம் இருக்கிறாய் என்று தனிச்செய்தியில் எழுது. வார நாளில் மத்தியானம் உங்கள் ஆறு பேருக்கும் திருவிருந்து கொடுக்க எங்கள் ஆயரிடம் கேட்கிறேன். வியாதியஸ்தருக்கு வீட்டுக்கே கொண்டுபோகிறோம், வியாதியஸ்தரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஏன் கொண்டுபோகக் கூடாது?

விலகி வந்தவள்

எல்லோரும் வீட்டுக்கூட்டத்தைப் புகழ்கிறீர்கள். நான் ஒன்றில் ஐந்து வருஷம் இருந்தேன். பெயர் சொல்லமாட்டேன், ஊரும் சொல்லமாட்டேன்.

ஆரம்பம் உங்களுடையது போலத்தான். எட்டுப் பேர், ஒரு ஹால், பாய், கிட்டார். நடத்தியவர் வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியம் என்றார். தசமபாகம், அதாவது எங்கள் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, அவருடைய சொந்த யுபிஐ எண்ணுக்குப் போனது. கணக்கு கேட்ட ஒரு தம்பியை, "உனக்குள் கலகத்தின் ஆவி இருக்கிறது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அடுத்த வாரம் அந்தத் தம்பி வரவில்லை. அவனிடம் யாரும் பேசக் கூடாது என்று சொல்லப்பட்டது. நானும் பேசவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் தூக்கம் கெடுகிறது. எனக்கு வந்த வரன்களை அவர் தட்டிக்கழித்தார். எந்தக் கம்பெனியில் வேலை பார்ப்பது என்பதுகூட அவர் ஜெபித்துச் சொன்னால்தான்.

பெரிய சபையில் ஆயர் சரியில்லை என்றால் பேராயருக்கு ஒரு மனு எழுதலாம். நடவடிக்கை வராமல் போகலாம், ஆனால் எழுத ஒரு முகவரி இருக்கிறது. எங்களுக்கு முகவரியே இல்லை. வைட்ஃபீல்டு அண்ணா, உங்கள் கூட்டத்தில் பணம் யார் கையில் இருக்கிறது? உங்களைப் பற்றி உங்கள் மனைவியோ மற்றவர்களோ புகார் சொல்ல வேண்டும் என்றால் யாரிடம் போவார்கள்? கோபத்தில் கேட்கவில்லை.

தரங்கை

விலகி வந்தவர் எழுதியதை அப்படியே கடந்து போகக் கூடாது.

நம் நகரத்தில் ஆஷா நிகேதன் என்ற இல்லம் 1970இல் தொடங்கியது. மனவளர்ச்சி குன்றியவர்களும் மற்றவர்களும் உதவியாளர், நோயாளி என்று பிரியாமல் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்வது. பிரான்சில் ஜான் வானியே 1964இல் தொடங்கிய லார்ஷ் இயக்கத்தின் இந்திய வீடு அது. கோயில் கட்டடத்துக்கு வெளியே கிறிஸ்தவ வாழ்வு எப்படி இருக்கலாம் என்பதற்கு உலகமே அந்த இயக்கத்தைக் காட்டியது. வானியே 2019இல் இறந்தார். 2020இல் லார்ஷ் அமைப்பே ஏற்பாடு செய்த விசாரணையின் அறிக்கை வந்தது. ஆவிக்குரிய வழிகாட்டல் என்ற பெயரில் அவர் பெண்களைப் பாலியல் ரீதியாகச் சுரண்டியிருந்தார். எனக்கு அந்தச் செய்தி பெரிய அடி. வாழ்நாள் முழுக்க அவர் மேல் கேள்வி கேட்கும் இடத்தில் யாரும் இல்லாமல் போனார்கள். ஆனாலும் அந்த வீடுகள் அதை மூடி மறைக்காமல் தாங்களே விசாரித்து வெளியிட்டன, இன்றும் நடக்கின்றன. அதையும் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தில் ஒரு வழி செய்திருக்கிறார்கள். காபிக் கடையில், பள்ளிக்கூடத்தில், இளைஞர்கள் கூடும் இடங்களில் முளைத்த சிறு கூட்டங்களை என்ன செய்வது என்று 2004இல் இங்கிலாந்துத் திருச்சபை ஓர் அறிக்கை வெளியிட்டது. பழைய பங்கும் வேண்டும், புதுக் கூட்டமும் வேண்டும், இரண்டும் ஒரே திருச்சபைதான் என்று அன்றைய கேன்டர்பரி தலைமைப் பேராயர் ரோவன் வில்லியம்ஸ் சொல்லிவந்தார். 2007இல் சட்டமும் வந்தது. அந்தப் பகுதியின் பேராயர் ஓர் ஆணை எழுதிக் கொடுத்தால் புதுக் கூட்டத்துக்கு முறையான இடம் உண்டு. கூடவே, வெளியிலிருந்து வந்து பார்த்துக் கேட்டு எழுதுவதற்கு ஒருவரையும் நியமிக்க வேண்டும். எனக்குப் பிடித்தது அதுதான். அங்கீகாரமும் மேற்பார்வையும் ஒரே தாளில்.

வக்கீல் குமாஸ்தா

குறுக்கே ஒரு விஷயம். கல்லறை மட்டுமல்ல, கல்யாணமும் இருக்கிறது. 1872ஆம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி யார் வேண்டுமானாலும் நடத்தி வைக்க முடியாது. முறைப்படி அபிஷேகம் பெற்ற குருவோ, அந்தச் சட்டத்தின் கீழ் உரிமம் வாங்கிய போதகரோ, திருமணப் பதிவாளரோ வேண்டும். வீட்டில் மோதிரம் மாற்றி ஜெபித்துவிட்டு, பிறகு விசாவுக்குச் சான்றிதழ் கேட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவர்கள் 1954ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் பதிவு செய்துகொள்வது நல்லது. சங்கமாகப் பதிய நினைத்தால் கர்நாடகச் சட்டத்தில் குறைந்தது ஏழு பேர் வேண்டும், அது உங்களிடம் இருக்கிறது. பதிவு செய்தால் கணக்கு எழுதித்தான் ஆக வேண்டும். விலகி வந்த சகோதரி கேட்டதற்குப் பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

தங்கவயல்

என் தாத்தா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை செய்தவர். 2001இல் சுரங்கம் மூடினதும் அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு பெங்களூர் வந்தார். நாங்கள் தலித் கிறிஸ்தவர்கள். வைட்ஃபீல்டு சகோதரருக்கு என் கேள்வி ஒன்றுதான். உங்கள் பதினோரு பேரில் எத்தனை சாதி?

பெரிய சபைகள் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. 1833இல் கல்கத்தா ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி இனி இருக்கவே கூடாது என்று எழுதினார். எத்தனையோ பேர் சாதியை வைத்துக்கொண்டு சபையை விட்டார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையின் நடுவில் சாதி பிரிக்கும் சுவர் நின்றது எல்லோருக்கும் தெரியும். சட்டாம்பிள்ளையின் துணிச்சலைத் தரங்கை பாராட்டினார், சரி. அந்தச் சபையில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஒரே சாதிக்காரர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

கோயில் கதவு ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். என்னைப் பிடிக்காதவர் பக்கத்தில் நான் போய் உட்காரலாம். அவர் நகர்ந்து உட்காரட்டும், ஆனால் என்னைத் தடுக்க முடியாது. அதே திருவிருந்துப் பாத்திரம் அவருக்கும் எனக்கும். வீட்டுக் கதவுக்குக் காலிங்பெல் இருக்கிறது. கூப்பிட்டால்தான் வர முடியும். யாரைக் கூப்பிடுவோம்? தெரிந்தவர்களை. நமக்குத் தெரிந்தவர்கள் யார்?

மாலைவிளக்கு

இங்கே எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். நான் இந்துக் குடும்பம். ஞானஸ்நானம் வாங்கவில்லை. எட்டு வருஷமாக இயேசுவைத்தான் கும்பிடுகிறேன். என் கணவருக்குத் தெரியும், மாமியாருக்குத் தெரியாது. கோயில் வாசலை மிதித்தால் அது ஊருக்கே செய்தியாகிவிடும். ஒரு தோழி வீட்டுச் சாப்பாட்டுக்கு யாரும் காரணம் கேட்கமாட்டார்கள்.

என்னைப் போன்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சென்னையில் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் இருந்த ஹெர்பர்ட் ஹோஃபர் எங்களைப் போன்றவர்களைத் தேடிப் பேசி, 1991இல் ஒரு புத்தகமே எழுதினார் என்று தோழி சொல்லித்தான் எனக்குத் தெரியும். வாசித்தபோது, நான் தனி ஆள் இல்லை என்று இருந்தது.

அல்சூர் பெரியவர் கேட்ட கேள்விகள் நியாயமானவை. ஆனால் எனக்கு ஒரே கதவுதான் இருக்கிறது, அது ஒரு வீட்டுக் கதவு. அதையும் சபை இல்லை என்று சொல்லிவிட்டால் நான் எங்கே இருக்கிறேன்?

அல்சூர் மூப்பர்

அம்மா, உங்களுக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஞானஸ்நானம் இல்லாமல் திருவிருந்து இல்லை என்றுதான் நான் படித்தது, அதைக் கூட்டிக் குறைத்துச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. ஆனால் பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா வீட்டிலே கூடின சபையை பவுல் வாழ்த்தி எழுதியிருக்கிறார். வீட்டைச் சபை என்று சொன்னது அவர்தான். முதல் பதிவில் நான் எழுதியது அவசரமாக எழுதியது. அதைத் திருத்திக்கொள்கிறேன்.

வைட்ஃபீல்டு வாசி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லாப் பதிவையும் சனிக்கிழமை சத்தமாக வாசித்தோம். அன்றைக்கு வேதபாகம் வாசிக்க நேரம் இல்லாமல் போனது.

விலகி வந்த தங்கச்சிக்கு முதலில். பணம் என் வங்கிக் கணக்கில்தான் இருந்தது. தப்பு. தெரியாமல் செய்தோம் என்று சொல்லி நழுவ விரும்பவில்லை. இப்போது இரண்டு பேர் கையெழுத்தோடு தனிக் கணக்கு திறக்க ஏற்பாடு நடக்கிறது. அதில் ஒருவர் பெண். என் மேல் புகார் என்றால் யாரிடம் என்று கேட்டீர்கள். அதற்கு எங்களிடம் பதில் இல்லாததால்தான் அல்சூர் ஐயாவுக்குத் தனிச்செய்தி எழுதினேன். மூன்று குடும்பங்கள் அவர்கள் சபையில் சந்தா கட்டி உறுப்பினராகச் சேர்கிறோம். இரண்டு குடும்பங்களுக்கு அதில் இஷ்டமில்லை, காரணங்கள் உண்டு, அவர்களை வற்புறுத்தவில்லை. சனிக்கிழமை தொடர்கிறது. ஓய்வுபெற்ற ஆயர் ஒருவர் மாதம் ஒரு தடவை வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு, ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசிவிட்டுப் போகச் சம்மதித்திருக்கிறார்.

தங்கவயல் அண்ணன் கேட்டதை எண்ணிப் பார்த்தோம். பதினோரு பேரில் ஒன்பது பேர் ஒரே சாதி. ஏழு பேர் ஒரே தாலுகா. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை, ஆனால் அப்படித்தான் இருக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்கா திருப்பத்தூர்க்காரர். கழுத்தில் சிலுவை டாலர் போட்டிருப்பார். நான்கு வருஷமாக, சனிக்கிழமை சாயங்காலம் ஹாலைத் துடைத்து, பாயை உதறி மூலையில் வைத்துவிட்டுப் போகிறார். அந்தப் பாயில் உட்கார வாருங்கள் என்று நாங்கள் ஒரு தடவையும் சொன்னதில்லை. என் மனைவி இதைச் சொன்னபோது அறையில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

போய்க் கூப்பிட்டோம். "சனிக்கிழமை எங்களுக்கு உபவாச ஜெபம் இருக்கு சார், நீங்க வாங்களேன்" என்றார். போன சனிக்கிழமை எங்கள் கூட்டத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் அங்கே போனோம். காடுகோடியைத் தாண்டி ஒரு தகரக் கூரை அறை. முப்பது பேர் இருப்பார்கள், கட்டட வேலை, வீட்டு வேலை, ஆட்டோ. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பாட்டு. சுவரில் ஒரு நோட்டுப் புத்தகம் ஆணியில் தொங்கியது. மாதம் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு வைக்கிறார்கள், யார் வீட்டில் சாவு விழுந்தாலும் வண்டிக்கும் குழிக்கும் பணம் தயார். யார் எவ்வளவு கொடுத்தார்கள், யாருக்கு எப்போது செலவானது, எல்லாம் அந்த நோட்டில். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

அந்த நோட்டில் எங்கள் பெயரையும் எழுதிக்கொள்வார்களா என்று என் மனைவி கேட்டாள். அடுத்த வாரம் பேசிச் சொல்கிறோம் என்றார்கள்.

மாலைவிளக்கு சகோதரி, நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரியாது. முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். சாப்பாட்டுக்கு வாருங்கள், மற்றது பிறகு.

தங்கவயல்

எண்ணிப் பார்த்துச் சொன்னதற்கு நன்றி. அவர்கள் என்ன முடிவு சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

அல்சூர் மூப்பர்

தம்பி, அடுத்த சனிக்கிழமை எங்கே, உங்கள் வீடா அந்தத் தகர அறையா? நானும் வருகிறேன். ஹலசூருவில் மெட்ரோ ஏறினால் எங்கே இறங்க வேண்டும்? முட்டி வலி இருக்கிறது, பாயில் உட்கார முடியாது, ஒரு நாற்காலி மட்டும் போட்டு வையுங்கள்.

வைட்ஃபீல்டு வாசி

தகர அறைதான் ஐயா. ஹோப்ஃபார்ம் சன்னசந்திராவில் இறங்குங்கள், ஐந்தரைக்கு நான் பைக்கோடு கீழே நிற்கிறேன். நாற்காலி அங்கே இல்லை, எங்கள் வீட்டிலிருந்து ஒன்று கொண்டுவருகிறேன்.